ஆட்டத்துக்கு ஓய்வு வயது கிடையாது
காரைக்குடி வட்டார மூத்த ஆட்டக்காரர்களின் கொள்கைப் பிரகடனம்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, புதுவயல் என்று செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றிலும் வாழும் நாங்கள் வீடியோ கேம் ஆடுகிறவர்கள். எங்களில் நாற்பதைக் கடந்தவர்கள் உண்டு, மணிவிழா கண்டவர்கள் உண்டு, சதாபிஷேகம் முடிந்தவர்களும் உண்டு. பள்ளியில் பாடம் நடத்தியவர்கள், வங்கியில் கணக்கு எழுதியவர்கள், ஆத்தங்குடிக் கல்லுக்கு அச்சில் சாயம் ஊற்றியவர்கள், கண்டாங்கி நெய்தவர்கள், சிங்கப்பூரில் உழைத்துத் திரும்பியவர்கள், பெரிய வீட்டின் சாவிக்கொத்தோடு தனியே இருக்கும் ஆச்சிமார் என்று எல்லாரும் இதில் இருக்கிறோம்.

இதுவரை நாங்கள் ஒளிந்து ஆட வேண்டியிருந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டால் செல்போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. "இந்த வயசில இதென்ன பழக்கம்?" என்று கேட்பவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பேரனுக்காக என்றோம், பொழுது போகவில்லை என்றோம், மூளைக்கு நல்லதாம் என்றோம். இனிமேல் காரணம் சொல்வதாக இல்லை.

ஆடுவது ஆடுகிறவரின் மகிழ்ச்சிக்காக. அந்த மகிழ்ச்சிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வயது ஏற ஏற அது குறைய வேண்டும் என்ற விதியும் இல்லை. எங்கள் இயக்கம் இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது. மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

ஆடிய மண் இது

இந்த மண்ணில் மூத்தவர்கள் எப்போதும் ஆடியிருக்கிறார்கள். முகப்புத் திண்ணையில் ஆண்கள் சீட்டுப் போட்டார்கள். கல்யாண வீட்டில் விடிய விடியச் சீட்டு நடந்தது. உள்கட்டில் அப்பத்தாவும் ஆயாவும் பல்லாங்குழிக்கு முன் உட்கார்ந்து சோழியையும் புளியங்கொட்டையையும் குழி குழியாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் முடியும் என்பதைக் கண்ணாலேயே கணக்குப் போட்டார்கள். தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் வரைந்து, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டி, தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று பிடிவாதமாக நின்றார்கள். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் தளத்திலும் பாறைகளிலும் கீறப்பட்ட ஆடுபுலிக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம். அவற்றைக் கீறியவர்கள் எல்லாரும் சிறுபிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன ஆண்கள் மூன்று வருடத் தவணை முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். கடிதம் கப்பலில் வர வேண்டும். அந்தக் காத்திருப்பின் நீண்ட பிற்பகல்களில் பெண்களுக்குத் துணையிருந்தவற்றில் பல்லாங்குழியும் ஒன்று. இன்றும் எங்கள் பிள்ளைகள் கடல் கடந்துதான் இருக்கிறார்கள். வீடுகள் அதே அகலத்தில் நிற்கின்றன, எதிரில் உட்கார்ந்து ஆட ஆள் இல்லை. பல்லாங்குழிக்கு இரண்டு பேர் வேண்டும். செல்போன் அந்த இரண்டாவது ஆளைச் சிங்கப்பூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

2020 ஊரடங்கில் நாடு முழுவதும் குடும்பங்கள் செல்போனில் லூடோ ஆடின. மும்பைக்கு அருகே நவி மும்பையில் உருவாகி 2016-ல் வெளிவந்த லூடோ கிங் அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. லூடோ எங்களுக்குப் புதிதா? இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை பெற்ற அந்த ஆட்டம் நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து எடுத்தது. பச்சீசியும் சொக்கட்டானும் தாயமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எங்கள் வீட்டுப் பட்டாலையிலிருந்து புறப்பட்டதைப் போன்ற ஓர் ஆட்டம் உலகைச் சுற்றிவிட்டு எங்கள் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது.

எழுபது வயது அப்பத்தா பல்லாங்குழி ஆடினால் மரபு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அதே அப்பத்தா செல்போனில் மிட்டாய்களை வரிசை சேர்த்தால் சிரிக்கிறார்கள். ஆடுகிறவர் மாறவில்லை. ஆசையும் திறமையும் கணக்கும் மாறவில்லை. ஆட்டம் நடக்கும் பலகை மட்டும் மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டை நாங்கள் ஏற்கவில்லை.

புதிய பொறியைக் கண்டு இந்த ஊர் ஒதுங்கியதும் இல்லை. சினிமா பார்ப்பதே கெட்ட பழக்கம் என்று பேசிய காலத்தில் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ அமைத்து 'நாம் இருவர்' படத்தை எடுத்து 1947-ல் வெளியிட்டார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. செல்போனுக்கு உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரி குறித்த ஆராய்ச்சி அந்த வளாகத்தில் நடக்கிறது. அந்த வளாகத்தின் வாசலைத் தினமும் கடந்து போகிற எங்களிடம், இந்தக் கருவி உங்களுக்கானது அல்ல என்று யாரும் சொல்ல முடியாது.

கேமுக்கும் வயதாகிவிட்டது

வீடியோ கேம் சிறுவர்களுடையது என்ற எண்ணத்துக்கு இப்போது அடிப்படை இல்லை. அட்டாரி நிறுவனத்தின் பாங் வந்தது 1972-ல். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978-ல், பேக்-மேன் 1980-ல், மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸ் 1984-ல், சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 1985-ல். பேக்-மேன் வந்தபோது பதினைந்து வயதில் இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். மேரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ 1952-ல் பிறந்தவர். பஜித்னோவ் 1955-ல் பிறந்தவர். இந்தக் கலையைப் படைத்தவர்களே எழுபதைக் கடந்த பிறகும், ஆடுகிறவர்கள் மட்டும் இருபதில் நிற்க வேண்டுமா?

எங்கள் தலைமுறைக்கு இது வந்த வழி எங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வந்தவரின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் சென்னையில் உருவான பர்மா பஜார் வழியாக வந்தது. டிவியில் இணைத்து, கேசட்டை ஊதிச் செருகி ஆடும் கேம்களாக வந்தது. கட்டங்களை அடுக்கும் கையடக்கப் பிரிக் கேமாக ரயில் பயணங்களில் வந்தது. 1997 முதல் நோக்கியா போனில் பாம்பாக வந்தது. அந்தப் பாம்பை நீளமாக வளர்த்தவர்களில் அன்றைய கணக்கப்பிள்ளைகள் உண்டு, தலைமை ஆசிரியர்கள் உண்டு, பேருந்து நடத்துநர்கள் உண்டு. ஆடுவதற்கு ஆசைப்பட்டும், கையில் கொடுக்கப்படாததால் பார்த்துக்கொண்டே நின்ற பெண்கள் அவர்களைவிட அதிகம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தூங்கிய பிறகு ஒரு லெவல் ஆடிப் பார்த்த தாய்மார்களும் எங்களில் இருக்கிறார்கள்.

உலகத்தின் பல மூலைகளில் எங்கள் வயதினர் வெளிப்படையாக ஆடுகிறார்கள். ஜப்பானின் ஹமாக்கோ மோரி 1930-ல் பிறந்தவர். வீடியோ கேம் ஆடத் தொடங்கிய 1981-ல் அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. உலகின் மிக மூத்த கேமிங் யூடியூபர் என்று 2020-ல் கின்னஸ் அவரைப் பதிவு செய்தது. சுவீடனில் 2017-ல் மூத்தவர்கள் சில்வர் ஸ்னைப்பர்ஸ் என்ற அணியாகச் சேர்ந்து கவுன்டர்-ஸ்டிரைக் போட்டிகளில் இறங்கினார்கள். ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான அகிதா மாநிலத்தில் 2021-ல் மத்தாகி ஸ்னைப்பர்ஸ் என்ற மூத்தோர் அணி பிறந்தது. தமிழ்நாடும் மூத்து வருகிறது. 2021-ல் மாநில மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது கடந்தவர்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை கூறியது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இவ்வளவு பேருக்கும் மாத்திரையும் கோயிலும் தொலைக்காட்சித் தொடரும் போதும் என்று யார் தீர்மானித்தார்கள்?

உடம்பைப் பற்றிய உண்மை

எங்கள் கை முன்போல் ஓடாது. கண்ணுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கட்டைவிரல் மூட்டு வலிக்கிறது. இவற்றை மறைத்து இளமை வேடம் போடுவது எங்கள் நோக்கமல்ல.

இதில் நாங்கள் தனியாகவும் இல்லை. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர்த்தந்திர ஆட்டத்தை ஆடிய 16 முதல் 44 வயது வரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளைக் கனடா ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். கண் பார்த்ததற்குக் கை பதில் சொல்லும் வேகம் 24 வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று அதில் தெரிந்தது. நம்மைப் பார்த்துச் சிரிக்கும் முப்பது வயதுப் பிள்ளையும் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறார். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மூத்த ஆட்டக்காரர்கள் வேகத்தில் இழந்ததை ஆடும் முறையால் ஈடுகட்டினார்கள். வேண்டாத அசைவைக் குறைத்தார்கள், எளிய தந்திரத்தைத் தேர்ந்தார்கள், குறுக்குவழிக் கட்டளைகளைப் பயன்படுத்தினார்கள். ஆடுபுலியில் ஆட்டுக்காரர் புலியோடு ஓடிப் போட்டி போட மாட்டார், புலி நகர முடியாதபடி இடத்தை அடைப்பார். மூத்தவரின் ஆட்டம் அப்படிப்பட்டது.

கை வளைந்தால் கருவியை வளைக்க வேண்டும். இதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் மதுரைக்காரர் ஒருவர். டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணின. அந்த விரல்களுக்கேற்பக் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவைச் சிகிச்சை செய்தார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை நீங்கித் தெளிவாகப் பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு அந்தப் பார்வை மதுரையில் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவர் சான்று. வளைந்த விரலால் கண்ணையே அறுத்துச் சரிசெய்ய முடிந்ததென்றால், எங்கள் விரலுக்கேற்ற பட்டனும் எங்கள் கண்ணுக்கேற்ற எழுத்தும் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

மருந்து என்று சொல்ல மாட்டோம்

கேம் ஆடினால் மறதி வராது என்று சொல்லி எங்கள் வயதினரிடம் விற்க வருகிறவர்கள் உண்டு. எங்களை ஆட விடுகிற பிள்ளைகளும் "மூளைக்கு எக்சர்சைஸ், ஆடுங்க" என்றுதான் சொல்கிறார்கள். அன்போடு சொல்வது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த இயக்கம் அந்தப் பெயரில் நடக்காது.

ஆராய்ச்சி சொல்வதை அதன் அளவோடு எடுத்துக்கொள்கிறோம். 60 முதல் 85 வயது வரையானவர்கள் ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம் நியூரோரேசர் என்ற கார் ஓட்டும் ஆட்டத்தை ஆடியபோது, ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் அவர்களிடம் கூடியது. பயிற்சி பெறாத இருபது வயதினரையும் அந்த ஆட்டத்தில் முந்தினார்கள். ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. கலிஃபோர்னியாவில் ஆடம் கசாலியின் குழு செய்த இந்த ஆய்வு 2013-ல் நேச்சர் இதழில் வந்தது. இது நல்ல செய்தி. ஆனால் அது அதற்கென்றே அமைக்கப்பட்ட ஓர் ஆட்டம். அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு முதுமை ஆய்வு மையமும் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் கழகமும் முன்னின்று, சுமார் 70 அறிஞர்கள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்பவர்கள் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றார்கள். அப்படி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

மருந்து என்று ஒப்புக்கொண்டால் ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போய்விடும். எவ்வளவு நேரம், எந்தக் கேம், பலன் தெரிகிறதா என்று மற்றவர்கள் கணக்குக் கேட்பார்கள். பலன் தெரியாவிட்டால் பிடுங்குவார்கள். நினைவு மங்கத் தொடங்கிவிட்ட எங்கள் தோழர்களுக்கு ஆடும் உரிமை முதலில் பறிபோகும். அவர்களும் ஆடலாம், தோற்கலாம், நேற்று ஆடிய ஆட்டத்தை இன்று புதிதாக ரசிக்கலாம். பேரப்பிள்ளையின் பாட்டைக் கேட்டு மகிழ்கிறவரிடம் அதனால் ரத்த அழுத்தம் குறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடமும் கேட்க வேண்டாம்.

காசு வைத்தால் எங்கள் ஆட்டம் இல்லை

இந்த ஒன்றில் எங்களுக்குள் விவாதம் இல்லை. பணம் கட்டி ஆடுவதை இந்த இயக்கம் ஏற்காது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று பிரித்துப் பேச வரவில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மகாபாரதத்தின் அழிவு சொக்கட்டான் பலகையில்தான் தொடங்குகிறது. ஆட்டத்தை நேசித்த சமூகம் பந்தயத்தைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது.

ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகளைத் தமிழ்நாடு பல ஆண்டுகள் படித்தது. மாநில அரசு 2022-ல் நிறைவேற்றிய தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் எல்லா இணையவழி ஆட்டங்களையும் தடை செய்தது. மின்விளையாட்டையும் பணமில்லாப் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் அதே சட்டம் தனியாகப் பிரித்து, ஊக்குவிக்க வேண்டியவை என்றது. எங்கள் இயக்கம் நிற்பது அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில். ஓய்வூதியமும், பிள்ளைகள் அனுப்பும் பணமும், சீட்டுக் கட்டிச் சேர்த்ததும் கையில் இருக்கும் எங்கள் வயதினரைத் தேடி வலை விரிப்பவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

எங்கள் கொள்கைகள்

1. ஆட்டம் மனித வாழ்வின் பகுதி. குழந்தைப் பருவத்துக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல. அறுபதுக்குப் பிறகும் ஒருவர் ஆசைப்படலாம், கற்கலாம், தோற்கலாம், ஜெயித்துக் கத்தலாம்.

2. எந்த ஆட்டமும் தாழ்ந்தது அல்ல. சதுரங்கம் ஆடும் ஐயாவும், பழம் வெட்டும் கேம் ஆடும் ஆச்சியும், கன்ட்ரோலர் பிடித்துப் பெரிய திரையில் குதிரையேறிப் போகிறவரும் ஒரே மரியாதைக்கு உரியவர்கள்.

3. வேகம் ஆட்டத்தின் ஓர் அளவுதான். பொறுமை, நினைவு, திட்டம், எதிரியின் மனத்தைப் படித்தல் ஆகியவையும் அளவுகளே. எளிதான நிலையைத் தேர்ந்தெடுத்து ஆடுவதில் இழிவு இல்லை.

4. பெண்கள் சம உரிமையோடு ஆடுவார்கள். முகப்பில் ஆண்கள், உள்கட்டில் பெண்கள் என்ற பழைய பிரிவு இந்த ஆட்டக்களத்தில் இல்லை. சமையல் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் ஆச்சி ஆட வேண்டும் என்ற வழக்கமும் இல்லை.

5. சாதி, சமயம், வீட்டின் அகலம் எதுவும் இங்கே ஆட்டக்காரரின் தகுதியைத் தீர்மானிக்காது. பெரிய வீட்டு முதலாளியும் அந்த வீட்டைக் காக்கும் காவல்காரரும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்காருவார்கள்.

6. பழைய ஆட்டத்தையும் புதிய ஆட்டத்தையும் பிரிக்க மாட்டோம். பல்லாங்குழி தெரிந்தவர் அதை இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பார், இளையவர் டேப்பில் புதியதைக் காட்டுவார். இருவரும் மாறி மாறி ஆசிரியர் ஆவார்கள்.

7. பழைய கேம்களைக் காப்பது எங்கள் கடமை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023-ல் கண்டறிந்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகத்தையும் இதழையும் நோட்டீசையும் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் அமைந்த நூலகம் இன்று தமிழ் ஆய்வின் தூண்களில் ஒன்று. பரணில் கிடக்கும் கேசட்டும் பிரிக் கேமும் பட்டன் போனும் எங்களுக்கு அப்படிப்பட்ட ஆவணங்கள். கருவியோடு, அதை எப்படி ஆடினோம் என்ற நினைவையும் எழுதி வைப்போம்.

8. தமிழில் ஆடுவது எங்கள் உரிமை. கனடாவாழ் தமிழரான அபி, டொரான்டோவின் விசை கேம்ஸ் குழுவோடு உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா' என்ற கேமை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய், அங்கங்கே அழிந்துபோன சமையல் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்து இட்லி ஊற்றுவதும், மகன் கவின் மெல்ல விலகிப் போவதும்தான் அதன் கதை. அது 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை முதல் படைப்புக்காகப் பெற்றது. பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய எங்கள் ஊர் ஆத்தாக்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வாழ்க்கையும் கேமாக முடியும் என்று அது நிரூபித்துவிட்டது.

யாரிடம் என்ன கேட்கிறோம்

பிள்ளைகளிடம்: பழைய போனை எங்களிடம் தள்ளிவிடாமல், எழுத்து பெரிதாகத் தெரியும் ஒரு கருவியை வாங்கிக் கொடுங்கள். ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டு "எத்தனை தடவை சொல்றது?" என்று சலிக்காதீர்கள். உங்களுக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியபோது நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நலம் விசாரிக்கும் அழைப்போடு நிறுத்தாமல் வாரம் ஒருமுறை எங்களோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். இங்கே இரவு ஏழரை என்றால் சிங்கப்பூரில் பத்து. அந்த நேரம் இருவருக்கும் தோதுப்படும். நேரம் ஒத்துவராத தூரத்தில் இருந்தால் சதுரங்கம் போதும். காலையில் நாங்கள் ஒரு காய் நகர்த்துகிறோம், நீங்கள் எழுந்ததும் பதில் காய் நகர்த்துங்கள். எங்களுக்காகத் தோற்காதீர்கள்.

கேம் தயாரிப்பவர்களிடம்: எழுத்தின் அளவை மாற்றும் வசதியைக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாட்டை நிறுத்தி வைக்க வழி கொடுங்கள். பட்டன்களை இடம் மாற்ற அனுமதியுங்கள். 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் இத்தகைய வசதிகள் அறுபதுக்கும் மேல் இருந்தன. மைக்ரோசாஃப்ட் 2018-லேயே உடல் இயலாதவர்களுக்கான கன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே விலை சொல்லி விற்றுவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொல்லிக் காசு பறிக்காதீர்கள். மூடும் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைத்த விளம்பரங்களை எங்கள் முன் காட்டாதீர்கள்.

கல்விக்கூடங்களிடம்: அழகப்பா பல்கலைக்கழகமும் அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. மாணவர்கள் தங்கள் செயல்திட்டங்களில் ஒன்றாக மூத்தவர்களுக்கான தமிழ்க் கேம் ஒன்றைச் செய்து பாருங்கள். வடிவமைக்கும்போது எங்களை அழையுங்கள். முடிந்த பிறகு கைதட்டக் கூப்பிடுவதைவிட, எந்தப் பட்டன் புரியவில்லை என்று சொல்லத் தொடக்கத்திலேயே எங்களைக் கூப்பிடுவது உங்களுக்கும் பயன்படும். பல்லாங்குழியின் கணக்கும், ஆடுபுலியின் தந்திரமும், கொண்டுவிக்கப் போன கதைகளும் எங்களிடம் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலகங்களிடமும் மூத்தோர் இல்லங்களிடமும்: ஒரு மேசை, இரண்டு டேப், சார்ஜ் போட ஓர் இடம், முதுகு சாய உயரமான நாற்காலி. இவ்வளவு கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வெளியூரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களிடம்: பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகப்பை வாரத்தில் ஒரு மாலை திறந்துவிடச் சம்மதியுங்கள். பெருக்கி, விளக்குப் போட்டு, ஆடி முடித்துப் பூட்டிச் சாவி கொடுக்கும் பொறுப்பு எங்களுடையது. ஆள் புழங்கும் வீடு அதிக நாள் நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் உறுதிமொழி

உரிமை கேட்கும் நாங்கள் கட்டுப்பாட்டையும் ஏற்கிறோம். ஆட்டத்தின் மேலிருக்கும் பிடி தளர்ந்து அது நம்மைப் பிடித்துக்கொள்ளும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஆபத்து வயது பார்த்து வருவதில்லை. எனவே இந்த இயக்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றைச் சொல்லிச் சேருவார்கள்:

பணம் கட்டி ஆட மாட்டேன். பணம் கட்டி ஆட யாரையும் அழைக்க மாட்டேன்.

வங்கி எண்ணையும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் எந்தக் கேமுக்கும், கேம் பெயரைச் சொல்லி அழைக்கும் எவருக்கும் கொடுக்க மாட்டேன். தோழர் ஒருவர் ஏமாந்துவிட்டால் அவரைக் கேலி செய்யாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கத் துணை நிற்பேன்.

தூக்கத்தை விற்று ஆட மாட்டேன். மாத்திரை நேரமும் நடைப்பயிற்சியும் ஆட்டத்துக்கு முன்னால் நிற்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பேன், கண்ணைத் தூரத்தில் ஓட விடுவேன்.

பேரப்பிள்ளைகள் முன் ஆடும்போது தோல்வியை எப்படி ஏற்பது என்று காட்டுவேன். நான் ஆடும் நேரத்துக்கு வைக்கும் எல்லையைத்தான் அவர்களுக்கும் வைப்பேன்.

எனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கு, அவர் கற்கும் வேகத்திலேயே, சொல்லிக் கொடுப்பேன்.

அழைப்பு

இந்த இயக்கத்துக்குத் தலைவர் பதவி இல்லை, சந்தா இல்லை, மாலை மரியாதை இல்லை. மூன்று பேர் சேர்ந்து வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினால் அங்கே ஒரு கிளை தொடங்கிவிட்டதாகக் கொள்வோம். அந்த மூன்று பேரில் ஒருவர் இதுவரை ஒருமுறைகூட ஆடாதவராக இருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். நடக்க முடியாதவர் இருந்தால் கிளை அவர் வீட்டில் கூட வேண்டும். இவை மூன்றும்தான் விதிகள்.

காரைக்குடியில் தொடங்குகிறோம் என்பதால் இது காரைக்குடிக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும், கோலாலம்பூரிலும் யாழ்ப்பாணத்திலும், தனியாக இருக்கும் ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ இது பொருந்தும். நாற்பது வயதில் இருப்பவர்களே, எங்களுக்காக இன்று நீங்கள் திறக்கும் கதவு வழியாகத்தான் நாளை நீங்கள் நுழையப் போகிறீர்கள். ஆட்டத்தை விட்டுவிட வேண்டிய வயது வந்துவிட்டதோ என்று தயங்கிக்கொண்டிருந்தால் விடாதீர்கள். விட்டுவிட்டிருந்தால் மறுபடி எடுங்கள்.

மூத்தவர்களே, இன்று மாலை உங்கள் தெருவில் கதவைத் தட்டி இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த கேமை அவர்கள் முன் வெளிப்படையாக ஆடுங்கள். என்ன என்று கேட்டால் கையில் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குமேல் எந்தக் காரணமும் யாருக்கும் தர வேண்டியதில்லை என்று இந்தப் பிரகடனத்தின் மூலம் நாங்கள் அறிவிக்கிறோம்.